பதக்கமும் பட்டியலும்: ஐசக் பாபெலின் ‘குதிரைப்படை’யில் விருது பெற்ற வீரர்கள்

ஆய்வுச் சுருக்கம்

ருசிய உள்நாட்டுப் போர்க்காலக் குதிரைப்படையைப் பொருளாகக் கொண்டு ஐசக் பாபெல் எழுதிய ‘குதிரைப்படை’ (1926) என்னும் கதைத்தொகுப்பில், வீரத்துக்கான விருது எங்கு, யாரால், எதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘கடிதம்’, ‘கோன்கின்’, ‘படைப்பிரிவுத் தலைவன் திரூனோவ்’ ஆகிய மூன்று கதைகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. விருது பெற்ற வீரனைப் பாபெல் இழிவுபடுத்தினார் என்ற பழைய குற்றச்சாட்டும், அவர் வீரத்தின் போலித்தன்மையைத் தோலுரித்தார் என்ற பிற்காலப் பாராட்டும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஐசக் பாபெல், குதிரைப்படை, செங்கொடி விருது, உள்நாட்டுப் போர், எடுத்துரைப்பு, மறம்.

முன்னுரை

1917 டிசம்பரில் சோவியத் அரசு பழைய படையின் பதவிப் பெயர்களையும் விருதுகளையும் ஓர் ஆணையால் ஒழித்தது. படைவீரர் அனைவரும் சமம் என்பது அவ்வாணையின் அடிப்படை. ஆனால் ஓராண்டு நிறைவதற்குள், 1918 செப்டம்பர் 16 அன்று, அதே அரசு செங்கொடி விருதை நிறுவியது. நேரடிப் போரில் தனிச்சிறப்பான துணிவு காட்டியோருக்கு அது வழங்கப்பட்டது. உலகத் தொழிலாளரை ஒன்றுசேர அழைக்கும் முழக்கம் அதன் பதக்கத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. கூட்டின் முழக்கத்தைத் தாங்கிய அப்பதக்கம் பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் மார்பில்தான் குத்தப்பட்டது. சமத்துவத்தை முன்னிறுத்திய அரசுக்கும் போர்க்களத்தில் தனிமனிதனை வேறுபடுத்திக் காட்ட வேண்டிய தேவை இருந்தது.

1919 நவம்பரில் செமியோன் புதியோன்னியின் தலைமையில் உருவான முதல் குதிரைப்படை, உள்நாட்டுப் போரில் இவ்விருதோடு நெருங்கிய தொடர்புடைய படையாகும். அப்படை 1920இல் போலந்துப் போர்முனைக்கு அனுப்பப்பட்டது. செய்தியாளராக அதனுடன் சென்ற பாபெல், கிரில் லியூத்தவ் என்ற புனைபெயரில் படையின் செய்தித்தாளான ‘செங்குதிரைவீரன்’ இதழில் எழுதினார், நாட்குறிப்பும் வைத்திருந்தார். போலந்துடனான போர் இரு நாடுகளுக்கிடையே நடந்த போராயினும், அதில் சண்டையிட்டோர் உள்நாட்டுப் போரில் உருவானவர்கள். அவர்களது பகைகளும் விருதுகளும் இழப்புகளும் அப்போரிலிருந்தே தொடர்ந்து வந்தவை. பாபெலின் கதைகள் இவ்விரு போர்களையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

‘குதிரைப்படை’ பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் கதைசொல்லி லியூத்தவின் அகப்போராட்டத்தையே மையப்படுத்துகின்றன. மூக்குக்கண்ணாடி அணிந்த யூத அறிவாளி, கொசாக்குகளின் வன்முறை உலகில் ஏற்கப்படத் தவிக்கிறான் என்பது நன்கு பேசப்பட்ட செய்தி. அவன் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ அந்த விருது பெற்ற வீரனுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. அவனை மையமாக வைத்து நூலைப் படிக்கும்போது வேறொரு ஒழுங்கு புலப்படுகிறது.

‘கடிதம்’: எதிரெதிர் மார்புகளில் பதக்கங்கள்

தொகுப்பின் தொடக்கப் பகுதியில் இடம்பெறும் ‘கடிதம்’, வாசிலி குர்தியுகோவ் என்ற சிறுவன் தன் தாய்க்கு எழுதச் சொல்லும் மடலாக அமைந்துள்ளது. தந்தை திமஃபேய், வெண்படைத் தலைவர் தெனீக்கினின் அணியில் ஒரு படைக்குழுவை நடத்துகிறான். அவன் கையில் சிறைப்பட்ட மகன் ஃபியோதர் கொல்லப்படுகிறான். பின்னர் மற்றொரு மகன் செமியோன் மைக்கோப் நகரில் தந்தையைப் பிடித்துக் கொல்கிறான். உள்நாட்டுப் போர் என்ற தொடரின் பொருளை ஒரே வீட்டுக்குள் அடக்கிக்காட்டும் கதை இது.

இக்கதையில் பதக்கம் இருமுறை வருகிறது. தந்தை பழைய ஆட்சிக்காலத்தில் போலவே பதக்கங்களை அணிந்திருந்தான் என்று கண்டவர்கள் சொன்னதாக வாசிலி குறிப்பிடுகிறான். புதிய அரசு ஒழித்த அதே பதக்கங்கள் எதிரணியில் இன்னும் மார்பில் தொங்குகின்றன. பின்னர் செமியோனின் முரட்டுத் துணிச்சலுக்காகப் படைப்பிரிவே அவனைத் தலைவனாக விரும்பியதையும், அவனுக்கு இரண்டு குதிரைகள், நல்ல உடைகள், சாமான்களுக்கென ஒரு தனி வண்டி, செங்கொடி விருது ஆகியன கிடைத்ததையும் சிறுவன் பெருமையுடன் அடுக்குகிறான். குதிரையும் வண்டியும் விருதும் சிறுவனின் கணக்கில் ஒரே வரிசையில் நிற்கின்றன. இதில் ஏளனம் ஏதுமில்லை. உடைமை என்பதையே அறியாத ஓர் உழவர் குடியின் கண்ணுக்கு விருது என்பது கையால் தொட்டுப்பார்க்கத்தக்க ஒரு பேறு.

கொன்ற தந்தையின் மார்பிலும் கொல்லப்போகும் மகனின் மார்பிலும் பதக்கம் இருக்கிறது. எனினும், எந்தச் செயலுக்காகச் செமியோன் விருது பெற்றான் என்பது கதையில் இல்லை. துணிச்சல் என்ற பண்பு பெயரளவில் குறிக்கப்படுகிறது, செயல் குறிக்கப்படவில்லை. கதை விரித்துரைப்பது போர் முடிந்தபின், பிடிபட்ட ஒருவனை முன்னிறுத்தி நடந்த விசாரணையையே. அதன் முடிவையும் வாசகர் காண்பதில்லை. செமியோன் தம்பியை முற்றத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறான்; ஆகவே தந்தையின் முடிவை எழுத இயலவில்லை என்று வாசிலி தாயிடம் வருந்துகிறான். இவ்வாறு முதற்கதையில் சாட்சி அப்புறப்படுத்தப்படுகிறான்.

‘கோன்கின்’: விருதுக்கும் ஒப்புதலுக்கும் இடையில்

‘கோன்கின்’ வாய்மொழி எடுத்துரைப்பாக அமைந்த கதை. ருசியத் திறனாய்வில் ‘ஸ்காஸ்’ எனப்படும் இவ்வுத்தியில், எழுத்தாசிரியரின் நடை மறைந்து, பேசுபவனின் சொல்வளமும் கோணலும் முன்னே வருகின்றன. பேலயா செர்க்கவ் அருகே நடந்த ஒரு துரத்தலைக் கோன்கின் சொல்கிறான். போருக்கு முன் அவன் நீஷ்னி நகரத்து மேடைக் கோமாளி. இசைக்கூத்தும் வயிற்றுக்குரல் வித்தையும் அறிந்தவன். காயம்பட்ட நிலையிலும் ஒரு போலந்து முதிய தளபதியைத் துரத்தி வீழ்த்துகிறான். தளபதி புதியோன்னியிடம் மட்டுமே சரணடைவேன் என்கிறார். எதிரில் நிற்பவன் கம்யூனிஸ்ட் என்று உறுதியானதும் தம் வாளை முறித்துவிட்டு, தம்மைப் போர்வீரனுக்குரிய முறையில் முடித்துவிடுமாறு கேட்கிறார்.

இந்த இடத்தில் கோன்கினின் குரல் நின்றுபோகிறது. கதையில் ஒரே ஒருமுறை மட்டும் சட்டக எடுத்துரைப்பாளரின் குரல் ஒலிக்கிறது. வழக்கமான கோமாளித்தனத்துடன் இதைச் சொன்னவர், ஒரு குதிரைப்படைப் பிரிவின் அரசியல் ஆணையரும் மும்முறை செங்கொடி விருது பெற்றவருமான கோன்கின் என்று அது அறிவிக்கிறது. உடனே தோழர்கள் கேள்வி தொடுக்கின்றனர். கிழவனை முடித்துவிட்டீர்களா என்ற கடைசிக் கேள்விக்குக் கோன்கின் இரண்டே சொற்களில் ஒப்புக்கொள்கிறான். அவ்விரு சொற்களில் ஒன்று பாவத்தைக் குறிப்பது. ருசியப் பேச்சு வழக்கில் அத்தொடர், சிறு பிழையொன்றைத் தலையசைத்து ஏற்றுக்கொள்ளும்போது இயல்பாக வருவது. சொல்பவன் அதை இலேசாகவே சொல்கிறான். ஆனால் சொல்லின் உள்ளே பாவம் என்ற கனம் அப்படியே கிடக்கிறது. தமிழில் இதனைப் பெயர்ப்பவர் ‘தப்பு’ என்றால் இலேசு கிடைக்கும், கனம் போகும். ‘பாவம்’ என்றால் கனம் கிடைப்பதோடு, இரக்கக் குறிப்பாகத் தமிழில் வழங்கும் அச்சொல்லின் மற்றொரு பொருளும் உடன் வந்துசேரும்.

விருது பற்றிய செய்தி கதையின் தொடக்கத்தில் வந்திருந்தால் அது அறிமுகமாக மட்டும் நின்றிருக்கும். இறுதி வரியாக வந்திருந்தால் வெளிப்படையான எள்ளலாகியிருக்கும். பாபெல் அதைத் தளபதியின் வேண்டுகோளுக்கும் கோன்கினின் ஒப்புதலுக்கும் நடுவே வைத்துள்ளார். இதனால் அது முன்னதற்குச் சான்றிதழாகவும் இல்லை, பின்னதற்கு மன்னிப்பாகவும் இல்லை. மேலும், விருதைப் பற்றிச் சொல்வது கோன்கின் அல்லன். தன் மூன்று பதக்கங்களைப் பற்றி அவன் வாயே திறப்பதில்லை; தளபதியின் சேணம் இன்றும் தன் கீழ் இருப்பதையும், தன் காலணிகள் குருதியால் நிறைந்ததையுமே பேசுகிறான். அரசின் மொழி சட்டகத்தில் இருக்கிறது. வீரனின் மொழி உடலிலும் பொருளிலும் இருக்கிறது.

இதைக் கொடுமை என ஒரே சொல்லில் முடித்துவிடவும் இயலாது. மரணத்தைக் கேட்டவர் தளபதியே. அவருக்கு அது மானத்தைக் காக்கும் வழி. கோன்கின் அவரைப் பலமுறை வேண்டிப்பார்த்ததாகவும் சொல்கிறான். ‘கடித’த்தில் சாட்சி வெளியே அனுப்பப்பட்டான் என்றால், இங்குச் செய்தவனே சாட்சியாகிறான், ஆனால் கேட்டால்தான் சொல்கிறான், அதுவும் சிரிப்பின் மறைவில்.

ஒரு வீரன், இரு எழுத்துகள்: திரூனோவ்

மூன்றாம் கதைக்குத் தனித்த சான்று மதிப்பு உண்டு. முதல் குதிரைப்படையில் கான்ஸ்தந்தீன் திரூனோவ் என்ற படைத்தலைவர் உண்மையிலேயே இருந்தார். 1920 ஆகஸ்ட் தொடக்கத்தில் போரில் மாண்டார். ஸ்தாவ்ரபோல் நிலப்பகுதியில் ஒரு மாவட்டம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் இறந்தவுடன் ‘செங்குதிரைவீரன்’ இதழில் அவருக்கு இரங்கலுரை எழுதியவர் பாபெலே. திரூனோவைப் போன்றோர் இன்னும் பலர் வேண்டும் என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட அவ்வுரை, வீரமும் குருதியும் துயரமும் தோய்ந்த பட்டியலில் மேலும் ஒரு பெயரைச் சேர்க்கவேண்டிய நிலையைச் சொல்லித் தொடங்குகிறது. அங்கே வீரத்தில் விரிசல் ஏதும் இல்லை. இரங்கலுரை என்ற வகைமை அதற்கு இடம் தருவதும் இல்லை.

ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின், 1925இல், அதே பாபெல் ‘படைப்பிரிவுத் தலைவன் திரூனோவ்’ கதையை வெளியிட்டார். கதையில் கான்ஸ்தந்தீன் பாவெல் ஆகிறான். இரங்கலுரையில் ஒரு முழுப் படைப்பிரிவின் தலைவராக இருந்தவர் அதன் உட்பிரிவொன்றின் தலைவனாகக் குறைகிறார். சோக்கால் நகரின் நடுவே துப்பாக்கி வேட்டும் பீரங்கி முழக்கமும் சூழ நடக்கும் அடக்கத்தில் கதை தொடங்குகிறது. இதில் பதக்கம் இல்லை. அதன் இடத்தில் இப்படை மரியாதை இருக்கிறது. அதன்பின் கதை அன்றைய காலைக்குத் திரும்புகிறது. பிடிபட்ட போலந்து வீரர்களில் அதிகாரிகள் யாரென்று தெரியாதபடி அனைவரும் உடைகளைக் கழற்றி எறிந்திருக்கின்றனர். திரூனோவ் ஓர் அதிகாரியின் தொப்பியை முதியவர் ஒருவரின் தலையில் வைத்துப் பார்க்கிறான். அது பொருந்துகிறது. அவர் கழுத்தில் வாள் பாய்கிறது. இன்னோர் இளைஞனைச் சுட்டுக் கொல்கிறான்.

பிடிபட்டோரின் பெயர்ப்பட்டியலை எழுதும் பொறுப்பு கதைசொல்லியிடம் இருக்கிறது. பட்டியலிலிருந்து ஒருவனை அடித்துவிடுமாறு திரூனோவ் கட்டளையிடுகிறான். கதைசொல்லி நடுங்கியவாறே மறுக்கிறான். அவன் கெஞ்சி வாதாடவில்லை. அறநூல் எதையும் எடுத்துக்காட்டவில்லை. எண்ணிக்கை குறைவதைத் தலைமையகம் கேட்கும் என்கிறான். எழுதியதை அழிக்கமாட்டேன் என்பது மட்டுமே அவனது எதிர்ப்பு. ‘குதிரைப்படை’யில் கோழையாகவும் ஒதுக்கப்பட்டவனாகவும் பல இடங்களில் தோன்றும் இக்கதைசொல்லி உறுதியோடு நிற்கும் அரிய இடங்களுள் இது ஒன்று.

இரங்கலுரையில் வந்த பட்டியலும் கதையில் வரும் பட்டியலும் எதிரெதிரானவை. முன்னதில் மாண்ட வீரனின் பெயர் சேர்க்கப்படுகிறது. பின்னதில் அதே வீரனால் கொல்லப்பட்டவனின் பெயரை நீக்கச் சொல்லி வற்புறுத்தப்படுகிறது. இரண்டையும் எழுதிய கை ஒன்றே. வீரர் பட்டியலை நிரப்புவதற்காக மற்றப் பட்டியலை அழிக்க வேண்டியதில்லை என்ற நிலைப்பாட்டை, 1920க்கும் 1925க்கும் இடையில் பாபெல் எழுத்தளவில் எட்டியிருக்கிறார். பிடிபட்டவர்களைக் கொல்ல வேண்டாமென்று போர்வீரர்களை வேண்டிக்கொண்டு வரிசைநெடுக அலைந்ததை 1920 ஆகஸ்டு நாட்குறிப்பில் அவர் பதிந்துள்ளார். இரங்கலுரையும் அதே மாதத்தில் எழுதப்பட்டது. நாட்குறிப்பில் தனியாகவும் செய்தித்தாளில் தனியாகவும் கிடந்த இரு உண்மைகளைக் கதை ஒரே காலைப்பொழுதுக்குள் கொண்டுவருகிறது.

கதை அத்துடன் முடியவில்லை. பகை விமானங்கள் தோன்றுகின்றன. திரூனோவ் தலைமைப் பொறுப்பை மற்றொருவனிடம் ஒப்படைத்துக் குறிப்பெழுதி, தன் புதிய காலணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு துணையுடன் இயந்திரத் துப்பாக்கியின் அருகே தங்குகிறான். ஏனையோர் காட்டுக்குள் மறைந்து உயிர் தப்புகின்றனர். அவன் இறக்கிறான். இத்தியாகத்தில் எள்ளல் துளியுமில்லை. பிடிபட்டவனைக் கொன்ற கையும் தோழர்களைக் காத்த கையும் ஒன்றே என்பதைக் கதை சமன்செய்யவோ தள்ளுபடி செய்யவோ முயலவில்லை.

புதியோன்னியின் குற்றச்சாட்டு

1924இல் ‘அக்தியாபர்’ இதழில் புதியோன்னி பாபெலைக் கடுமையாகத் தாக்கினார். பெண்ணைக் கொச்சையாகக் குறிக்கும் ருசியச் சொல்லோடு பாபெலின் பெயரை இணைத்துச் சிலேடையாகத் தலைப்பிட்டார். பாபெல் படையின் பின்புறத்திலேயே சுற்றியவர், வீரர்களை அவதூறு செய்தவர் என்பன அவரது வாதங்கள். 1928இல் மாக்சிம் கார்க்கி, கோகல் சாப்பரோஷிய கொசாக்குகளைக் காட்டியதைவிடப் பாபெல் புதியோன்னியின் வீரர்களைச் சிறப்பாகக் காட்டியுள்ளார் என்ற கருத்தை முன்வைத்தபோது, ‘பிராவ்தா’ நாளிதழில் விவாதம் மீண்டும் மூண்டது. போரில் பங்கேற்றவரே போரை எழுத வேண்டுமென்பதில்லை. தல்ஸ்தோய் நெப்போலியனோடு போரிட்டவரல்லர் என்ற போக்கில் கார்க்கி விடையளித்தார்.

இவ்விவாதத்தைக் கலையறியாத படைத்தலைவனுக்கும் கலைஞனுக்கும் இடையிலான பூசலாகச் சுருக்குவது வழக்கம். ஆனால் புதியோன்னியின் தரப்பில் ஒரு கூறு ஏற்கத்தக்கது. சில கதைகளின் முதல் வெளியீட்டில் பாபெல் உயிருடனிருந்தோரின் உண்மைப் பெயர்களைப் பயன்படுத்தியிருந்தார். மார்பில் விருதுகள் மின்ன நிற்கும் பிரிவுத் தலைவன் சவீத்ஸ்கி, முதலில் திமஷென்கோ என்றே பெயர் பெற்றிருந்தான். அப்பெயரில் முதல் குதிரைப்படையின் பிரிவுத் தலைவர் ஒருவர் உண்மையில் இருந்தார். வரலாற்றுத் துல்லியத்தைத் தாம் நாடவில்லை என்றும், பெயர்கள் எஞ்சியது தம் கவனக்குறைவு என்றும் பாபெல் 1924இல் அதே ‘அக்தியாபர்’ இதழுக்கு மடல் எழுதினார். நூலாக்கத்தில் பெயர்களும் மாறின. புனைவில் ஒருவரைக் கொலைக்கோ கொள்ளைக்கோ உரியவராக்கும்போது அவர் பெயரைக் காக்கும் கடமை எழுத்தாளனுக்கு உண்டு என்பதை இத்திருத்தம் ஏற்றுக்கொள்கிறது.

மற்றக் கூறு ஏற்கத்தக்கதன்று. விருது பெற்றவனின் வாழ்வு விருதின் அளவுக்கே எழுதப்பட வேண்டும் என்பது அது. பாபெலுக்கு அந்த எழுத்து தெரியாதது அன்று. திரூனோவுக்கான இரங்கலுரையே அதற்குச் சான்று. அறியாமையாலோ பகையாலோ அவர் விலகவில்லை, வகைமையை மாற்றிக்கொண்டார். இரங்கலுரை களத்தில் எஞ்சியோருக்கு ஊக்கம் தருவது. கதை பின்னால் வருவோருக்குக் கணக்குக் காட்டுவது.

1939 மே மாதம் கைது செய்யப்பட்ட பாபெல், 1940 ஜனவரி 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் திமஷென்கோ சோவியத் யூனியனின் மார்ஷலாக உயர்ந்தார். 1924இன் கட்டுரைக்கும் 1940இன் கொலைக்கும் நேரடிக் காரணத் தொடர்பு கற்பிப்பது வரலாற்று முறையாகாது. ஆயினும், பட்டியலிலிருந்து பெயரை அடிக்க மறுத்த கதைசொல்லியைப் படைத்தவரின் பெயர், 1954இல் அவர் குற்றமற்றவரென அறிவிக்கப்படும் வரை சோவியத் பதிப்புலகின் பட்டியல்களில் இல்லாமலிருந்தது.

முடிவுரை

மூன்று கதைகளிலும் ஓர் ஒழுங்கு தெளிவாகிறது. விருதை அல்லது அதற்கிணையான மரியாதையைப் பிறரே அறிவிக்கின்றனர், ‘கடித’த்திலும் ‘கோன்கினி’லும் விருதுக்குரிய செயல் எடுத்துரைக்கப்படுவதே இல்லை, எதிர்க்க இயலாத ஒருவரின் கொலை மூன்றிலும் அதன் அருகே வைக்கப்படுகிறது. கதைகளின் வரிசையில் சாட்சியின் நிலையும் வளர்கிறது. முதற்கதையில் சாட்சி முற்றத்துக்கு வெளியே, இரண்டாவதில் கேட்போனாக, மூன்றாவதில் எழுதியதை அழிக்க மறுப்பவனாக.

தமிழில் மறம் என்ற சொல் வீரத்தைக் குறிக்கும். அறத்தின் எதிர்ச்சொல்லாக நின்று கொலை, பாவம் என்னும் பொருள்களையும் தரும். விருதுச் சான்றிதழ் இப்பொருள்களில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்கிறது. பாபெலைத் தூற்றியோர் மற்றப் பொருளைக் காட்டியதற்காகத் தூற்றினர். போற்றியோரில் பலர் அந்த மற்றப் பொருளே உண்மை, வீரம் பொய் என்று கொண்டனர். இருசாராரும் சொல்லைப் பிளந்தே படித்தனர். இயந்திரத் துப்பாக்கியின் அருகே தங்கிய திரூனோவின் துணிவு பொய்யன்று. காலையில் அவன் கொன்ற முதியவரின் இறப்பும் பொய்யன்று. விருது பெற்ற வீரர்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளையும் வாழ்க்கை வரலாறுகளையும் ஆராய்வோர், அவற்றில் யார் பெயர் சேர்க்கப்பட்டது என்பதோடு யார் பெயர் விடுபட்டது என்பதையும் கேட்டாக வேண்டும்.